வெறும் தண்ணீரில் ஒன்பது

கல்லில் நார் உரிப்பவன் என்று
கஞ்சனைத்தான் சொல்லிவைத்தோம்.
இந்த மலையடிவாரத்தில் அது கூலிவேலை.
மூன்று ஷிஃப்ட். பீட்மாண்ட் பனியில் சங்கு ஊதும்.
உரித்தார்கள்.
உரித்ததைச் சிமெண்டில் பிசைந்து, குழாய் வார்த்து,
ஊருக்கெல்லாம் தண்ணீர் விட்டார்கள்.
சுரங்கத்தை மூடி வருஷம் முப்பதாகிறது.
குழாய்கள் மட்டும்
ஓய்வு பெறாமல் மண்ணுக்குள் கிடக்கின்றன.

லொரெடானா எண்ணுகிறவள்.
ஆய்வகத்தின் கீழ்த்தளம், ஜன்னலில்லாத அறை.
பள்ளிக்கூடக் குழாயிலிருந்து ஒரு லிட்டர்,
சந்தைமுனை நீரூற்றிலிருந்து ஒரு லிட்டர்.
வடிதாளில் ஊற்றி, தாளைக் கரைத்து,
மிஞ்சியதைச் செப்பு வலையில் ஏந்தி
நுண்ணோக்கியில் இருபதாயிரம் மடங்கு.
பச்சைத் திரையில் ஒரு கோடு வந்தால் நிற்பாள்.
வைக்கோல் தாள்போல் நடுவே துளை உண்டா?
உண்டென்றால் பென்சிலால் ஒரு கீறல்.
ஐந்தாவது கீறல் குறுக்கே.

அறிக்கையில் ‘வரம்பு’ என்று ஒரு கட்டம்.
அதில் ஒரு சின்னக் கோடு இழுத்துவிடுவாள்,
யாரும் எண் எழுதித் தரவில்லை.
நெஞ்சுக்குள் போனால் என்ன செய்யும் என்பது
இந்த ஊர்க் கல்லறைக்கே தெரியும்.
வயிற்றுக்குள் போனால்?
கட்டுரைகள் ஆளுக்கொன்று சொல்கின்றன.
அவளுக்குத் தாகம் எடுக்கும்போது
அதே குழாய்தான்.

அக்டோபரில் செவெரினோ வந்தார்,
செய்தித்தாளில் சுற்றிய புட்டியோடு.
கூட்டுறவு மதுக்கிடங்கில் வடிகட்டும் வேலை பார்த்தவர்.
‘எழுபத்திரண்டின் பார்பேரா.
அப்போதெல்லாம் வெள்ளையாக ஓர் அட்டை வரும், பஞ்சுபோல.
நான்தான் கையால் பிய்த்துப் போடுவேன்.
கண்ணாடியாக இறங்கும்.
தெளிவுக்கென்றே ஒரு மெடல் வாங்கினோம்.
அந்த அட்டை என்னவென்று
போன மாதம்தான் படித்தேன்.
மகள் கல்யாணத்தில் இதைக் குடித்தது
நூற்றுப் பத்துப் பேர்.’
பெயர் பெயராகச் சொல்லிவிடுவார் போலிருந்தது.
பாதியை ஊற்றிக்கொண்டு
மிச்சத்தைத் தக்கையிட்டுத் திருப்பித் தந்தாள்.

மதுவை அப்படியே வடிகட்ட முடியாது,
சர்க்கரை தாளை அடைத்துவிடும்.
உலையில் வைத்து எரிக்க வேண்டும்.
மணம் போய், நிறம் போய், போதை போய்
பீங்கான் கிண்ணத்தின் அடியில் ஒரு சிட்டிகைச் சாம்பல்.
கரைத்தாள். வடித்தாள். எண்ணினாள்.
பதினொன்று.

கடைசியில், வழக்கப்படி, வெறும் தண்ணீர்.
இருமுறை காய்ச்சி வடித்தது,
எந்த ஊர்க் குழாயையும் பார்க்காதது.
அதற்கும் அதே உலை, அதே கிண்ணம்.
அதில் பூஜ்யம் வந்தால்தான்
மற்ற எண்ணெல்லாம் எண்.

ஒன்பது.

கம்பளிச் சட்டையைச் சந்தேகித்தாள்.
குடுவைகளை, கூரைப் பலகையை,
வடிதாள் விற்ற கம்பெனியைச் சந்தேகித்தாள்.
மூன்றாம் நாள், உலையைத் துடைக்கும்போது
கதவின் விளிம்பைச் சுற்றி ஒரு கயிறு.
சூடு கசியாமலிருக்கப் பின்னி வைத்தது,
வெள்ளை, ஓரங்களில் பிரிபிரியாய்.
அவள் வேலைக்குச் சேரும் முன்பே கட்டியது.
பத்தொன்பது வருஷம் திறந்து மூடியிருக்கிறாள்,
மூக்கு நுனிக்கு ஒரு சாண் தள்ளி.

அடித்துவிட்டு எழுதினாள்: செல்லாது.
கொஞ்ச நேரம் பேனாவை மூடாமல் இருந்தாள்.
பிறகு செவெரினோவுக்கு ஃபோன்.
‘முதலிலிருந்து செய்ய வேண்டும்.
புட்டியில் மிச்சம் இருக்கிறதா?’

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம்.
‘இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள்.
உங்களிடமிருந்து தகவல் இல்லை.
வீணாவானேன் என்று
ஆளுக்கு ஒரு கிளாஸ்.’

படிவத்தில் இல்லாத கேள்வி ஒன்று
வாயில் வந்துவிட்டது:
எப்படி இருந்தது?

‘புளித்துப் போயிருந்தது, சினோரா.
தெளிவு மட்டும்
அப்படியே.’